இண்டூர்க் குட்டையில் ஓர் ஆக்டோபஸ்

பொறாமையில் பல ரகம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் வருவது ஒரு ரகம். கூட வேலை பார்ப்பவருக்குப் பதவி உயர்வு வந்தால் வருவது இன்னொரு ரகம். இதையெல்லாம் டீக்கடையில் நாலு பேரிடம் புலம்பி ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் என் மாமனாரைச் சகலை தட்டிக்கொண்டு போய்விட்டான் என்று ஒரு மனிதன் யாரிடம் போய்ப் புலம்புவான்? (போலீசில் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவார்கள் என்று தெரியாததால் போகவில்லை.)

இந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் வேறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்குக் கடல் பூதப் படங்கள் பிடிக்கும்.

நல்ல படங்களைச் சொல்லவில்லை. மகா மட்டமான படங்களைச் சொல்கிறேன். கோபுரம் உயரத்துக்கு ஒரு நண்டு எழுந்து பேருந்தைத் தூக்கும், அதன் முதுகில் தையல் தெரியும். சுறா ஒன்று எம்பிக் குதித்து ஹெலிகாப்டரைக் கவ்வும், அடுத்த காட்சியில் அதே ஹெலிகாப்டர் அதே ஆளோடு பறந்துகொண்டிருக்கும். கடற்கரையை மூடுங்கள் என்று கெஞ்சும் விஞ்ஞானியை மேயர் விரட்டிவிடுவார். பெண் விஞ்ஞானி எப்போதும் குளிக்கிற உடையிலேயே ஆராய்ச்சி செய்வார். எல்லாரும் தமிழில் பேசுவார்கள். அமெரிக்கக் கப்பற்படைத் தளபதி கடலைப் பார்த்து, "டேய் கஸ்மாலம், எட்டு காலு இருந்தா நீ பெரிய ஆளா?" என்று கேட்பார். அவர் வாயை மூடிய பிறகும் குரல் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருக்கும்.

இதில் என்ன வெட்கம் என்று கேட்கலாம். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். ஆக்டோபஸ் கூச்ச சுபாவமுள்ள பிராணி, அதற்கு மூன்று இதயங்கள், மனிதர்களைக் கண்டால் பாறை இடுக்கில் ஒளிந்துகொள்ளும் என்று வெள்ளிக்கிழமை கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே ஆக்டோபஸ் பாலத்திலிருந்து ரயிலை இழுத்துத் தண்ணீரில் போடும்போது கைதட்டுவேன். தருமபுரியில் எங்கள் வாசகர் வட்டத்தில் உலக சினிமா பற்றி நான் பேசுவதாக ஒரு பெயரும் இருக்கிறது. (அந்தப் படங்களில் பாதிக்கு மேல் நான் தூங்கியிருக்கிறேன். மீதியைப் பேசுவேன்.)

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் என் மாமனார் மாதையன்.

அவர் இண்டூரில் விவசாயி. தக்காளி, சம்பங்கி, கொஞ்சம் கரும்பு. எங்கள் தலை தீபாவளியன்று விருந்து முடிந்து அவரும் நானும் கூடத்தில் தனியாக உட்காரும்படி ஆகிவிட்டது. இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. மழையைப் பற்றி அவர் கேட்டார், பெய்யவில்லை என்றேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார், இருக்கிறது என்றேன். வேறு வழியில்லாமல் அவர் ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு சேனலாகத் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ஒரு நண்டு கலங்கரை விளக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. அவர் விரல் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டுங்களா மாப்ள?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"இருக்கட்டுங்க மாமா," என்றேன், அவரைப் பார்க்காமல்.

என்னைக் கேட்டால் எங்களுக்குச் சம்பந்தம் நடந்தது அன்றைக்குத்தான் என்பேன். கல்யாண மண்டபத்தில் நடந்தது எனக்கும் மலருக்கும் நடந்தது.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் அதியமான்கோட்டையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு இண்டூர் போய்விடுவேன். மலர், "எங்க அப்பா மேல இவ்ளோ பாசமாங்க?" என்று முதலில் கண் கலங்கினாள். பிறகு காரணம் தெரிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டி.வி. முன்னால் இரண்டு கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்று மாமாவுக்கு, ஒன்று எனக்கு. யார் முதலில் சாவார் என்று ஊகிப்பதுதான் எங்கள் விளையாட்டு. "கண்ணாடி போட்டவன்தான் மாப்ள மொதல்ல போவான்," என்பது அவர் கண்டுபிடித்த விதி. அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. (நான் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் கழற்றித் துடைத்துக்கொள்வேன்.)

படம் முடிந்ததும் தீர்ப்புச் சொல்வார். "மீனு நல்ல மீனுங்க மாப்ள. ஆளுங்கதான் சரியில்ல." எந்தப் படத்துக்கும் இதே தீர்ப்புத்தான். நடுவில் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பார். "இம்மாம் பெருசு நெசமாவே இருக்குங்களா?" நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்குவேன். அவர் தலையாட்டிக் கேட்பார். என் வகுப்பில் எவனும் அப்படிக் கேட்டதில்லை.

அவர் கடலைப் பார்த்ததே இல்லை. போர் போட்டுப் போட்டுத் தண்ணீர் வராமல் நொந்தவர் என்பதால், படத்தில் கடல் வந்தாலே பெருமூச்சு விடுவார். "எவ்ளோ தண்ணி பாருங்க. கேக்க ஆளில்ல. ஒரு நாளு போய்ப் பாத்துட்டு வந்துறணும் மாப்ள." நானும், "போலாங்க மாமா, பரிச்சை முடியட்டும்," என்பேன். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று பரீட்சை முடிந்துகொண்டேதான் இருந்தது. எட்டு வருடம் போய்விட்டது. கடல் எங்கே ஓடிவிடப் போகிறது என்ற தைரியம்.

கடல் ஓடவில்லை. கடலூரிலிருந்து கார்த்தி வந்தான்.

மலரின் தங்கை தேன்மொழிக்குப் பார்த்த மாப்பிள்ளை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, சொந்த ஊர் கடலூர்ப் பக்கம். அவன் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியுமாம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் நெடுஞ்சாலையில் லாரி போவது தெரியும். அதில் சில லாரிகளில் மீன் போகும்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். குடிக்க மாட்டான். மாமியாருக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பான். என்னை வாய் நிறைய, "அண்ணா, அண்ணா," என்பான். ஒரு மனிதனை மனதாரத் திட்டுவதற்கு அவனிடம் ஒரு குறையாவது இருக்க வேண்டாமா? தேடித் தேடிப் பார்த்தேன். சாப்பிடும்போது கொஞ்சம் சத்தம் வரும். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது?

கல்யாணம் ஆன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் சற்றுத் தாமதமாகப் போனேன். டி.வி.யில் திமிங்கலம் ஒன்று கப்பலை விழுங்கிக்கொண்டிருந்தது. என் நாற்காலியில் கார்த்தி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். மாமா அவன் தோளை அழுத்தி உட்கார வைத்து, "நீங்க உக்காருங்க சின்ன மாப்ள. பெரிய மாப்ள நம்ம வூட்டு ஆளு, அவுரு எங்கியாவது உக்காந்துக்குவாரு," என்றார். எனக்கு முக்காலி வந்தது. நம்ம வீட்டு ஆள் என்பது எவ்வளவு பெரிய கௌரவம் என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதுகு வலித்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே மாமா, "இந்த மாதிரி நெசமாவே வருங்களா?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். கேள்வி என்னைத் தாண்டி அவனிடம் போயிற்று.

"எங்க ஊர்ல ஒரு தடவ கரையிலயே ஒதுங்கிச்சு மாமா. நான் தொட்டுப் பாத்தேன்."

"தொட்டீங்களா!"

"திமிங்கலம் மீனே கிடையாது," என்றேன் நான் முக்காலியிலிருந்து. "அது பாலூட்டி. குட்டி போடும்."

"எப்புடி இருந்துச்சு தொட்டா?" என்றார் மாமா அவனிடம்.

"ரப்பர் மாதிரி இருந்துச்சு மாமா."

"நான் சொல்லல! ரப்பரு மாதிரிதான் இருக்கும்னு நான் அப்பவே சொல்லல!" என்று மாமா தொடையைத் தட்டிக்கொண்டார். ரப்பர் பொம்மைகளைப் பார்த்தே வளர்ந்த எங்கள் ரசனைக்குக் கடலே சாட்சி சொல்லிவிட்டது. அந்தச் சாட்சியைக் கொண்டுவந்தவன் அவன்.

அன்று மத்தியானம் களிக்கு நாட்டுக்கோழிக் குழம்பு. கால் அவன் தட்டில் விழுந்தது. எனக்குக் கழுத்து. போகும்போது அவன், "மாமா, எங்க ஊருக்கு வாங்க. கடலப் பாக்கலாம். அடுத்த வாரமே கூட்டிட்டுப் போறேன்," என்றான். மாமாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. "ஆடிப் பதினெட்டு முடியட்டுங்க. முடிஞ்சதும் போயிரலாம்," என்றார்.

வண்டியில் வரும்போது மலர் பின்னாலிருந்து சொன்னாள். "உங்களுக்குப் பொறாமைங்க."

"எனக்கா? அவன் மேலயா? எதுக்கு?"

"பள்ளம் பாத்து ஓட்டுங்க, ரெண்டாவது பள்ளத்துல உட்டுட்டீங்க."

அவள் சொன்னது உண்மை. எனக்கு வயிறு எரிந்தது. என் மாமாவுக்குக் கடலைக் காட்டும் உரிமை எனக்குத்தான் என்று எட்டு வருடமாகக் காட்டாமலேயே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒருவன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், கோழிக்கால் சாப்பிட்ட கையோடு எடுத்துக்கொண்டுவிட்டான்.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஊரில் பாதிப்பேர் ஒகேனக்கல்லுக்குக் கிளம்பிவிடுவார்கள். மாமா வீட்டில் மட்டும் தோட்டத்துப் பண்ணைக் குட்டைக்குத்தான் பூஜை. தண்ணீருக்கு அலைந்த மனிதர் என்பதால் அந்தக் குட்டைமேல் அவருக்கு அவ்வளவு பக்தி. அடியிலும் சரிவிலும் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டை. அன்று நெஞ்சளவு தண்ணீர் நின்றது. விரிப்பின்மேல் பாசி படிந்து வழுக்கும் என்பதால், கரை மேலிருக்கும் வேப்பமரத்தில் கட்டி, முடிச்சு முடிச்சாகப் போட்ட கயிறு ஒன்று எப்போதும் தண்ணீருக்குள் தொங்கும். இறங்கினால் அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.

மாமியார் மஞ்சள், பூ, காதோலை கருகமணி எல்லாம் வைத்துக் கும்பிட்டார். தலை ஆடி என்பதால் கார்த்திக்குப் புது வேட்டி, சட்டை. சாப்பாடு முடிந்து எல்லாரும் கரையில் உட்கார்ந்திருந்தபோது அவன் ஆரம்பித்தான்.

"மாமா, இந்தக் குட்டையிலயே நாம ஒரு படம் எடுக்கலாமா? கடல் பூதப் படம். தேனு போன்ல எடுக்கட்டும். நான் ஏதாவது மியூசிக் போட்டுத் தரேன்."

மாமா எழுந்தே நின்றுவிட்டார். இத்தனை வருடம் கூட உட்கார்ந்து படம் பார்த்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று என்னை நானே நொந்துகொண்டேன். சரி, தோன்றியது அவனுக்காக இருக்கட்டும், விஞ்ஞானி வேடம் நமக்குத்தானே என்று சட்டையை நேராக்கிக்கொண்டேன். விலங்கியல் படித்தவன், கண்ணாடி போட்டவன், வேறு யார் இருக்கிறார்கள்?

"மாமா கேப்டன்," என்றான் கார்த்தி. "நான் விஞ்ஞானி. அண்ணாதான் ஆக்டோபஸ்."

"நானா?"

"முக்கியமான வேசம் அதான்ணா. உங்களுக்குத்தான் அதோட உடம்பு தெரியும்."

"ஆமாங்க மாப்ள," என்றார் மாமா. "அத நல்லா அறிஞ்சவரு நீங்கதான். எனக்கு எத்தன நாளு சொல்லியிருக்கீங்க!"

மாமா வாயால் வந்துவிட்டதால் மறுக்க முடியவில்லை. பிறகு கார்த்தி தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "அண்ணா, விஞ்ஞானின்னா கண்ணாடி வேணும். தண்ணிக்குள்ள உங்களுக்கு வேண்டாம்ல?" என் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தேன். அது இல்லாவிட்டால் எனக்கு ஆளுக்கும் மரத்துக்கும் வித்தியாசம், அசைந்தால்தான் தெரியும்.

ஆக்டோபஸ்தான் என்றான பிறகு, இதுவரை உலகம் காணாத ஆக்டோபஸாக இருந்து இவனை ஓரம் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். தண்ணீர் பாய்ச்சும் பழைய நீல ஹோஸ் பைப்பை எட்டுத் துண்டாக்கினேன். உள்ளே வைக்கோல் திணித்தேன். (கார்த்தி ஆறு போதும் என்றான். ஆறு இருந்தால் அது பூச்சி என்று அவனுக்குப் பாடம் எடுத்தேன்.) தலைக்குத் தக்காளிக் கூடையைக் கவிழ்த்து, மாமியாரின் கத்தரிப்பூ நிறப் புடவையைச் சுற்றினேன். எட்டுக் கைகளையும் இடுப்பில் சேர்த்துக் கட்ட நல்ல கயிறாக ஒன்று தேவைப்பட்டது. சுற்றும் முற்றும் பார்த்தேன். வேப்பமரத்தில் ஒரு கயிறு இருந்தது. முடிச்சு முடிச்சாக, கட்டுவதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. அவிழ்த்துக் கட்டிக்கொண்டேன்.

"ஒலகத்துல வேற கயிறே கெடைக்கலியா?" என்று மாமியார் இன்றைக்கும் கேட்கிறார். கதைப்படி ஆக்டோபஸ் கடைசியில் செத்துவிடும். செத்த பிறகு அது எப்படிக் கரையேறும் என்று நான் யோசிக்கவே இல்லை.

கதை இதுதான். விஞ்ஞானி கரையில் நின்று தண்ணீரை ஆராய்வார். ஆக்டோபஸ் எழுந்து அவர் காலைப் பிடிக்கும். கேப்டன் மண்வெட்டிக் காம்பால் அதை அடித்துக் கொன்று விஞ்ஞானியைக் காப்பாற்றுவார். கேப்டனும் விஞ்ஞானியும் கட்டித் தழுவிக்கொள்வார்கள். இந்தக் கடைசிக் காட்சி எனக்குப் பிடிக்கவே இல்லை. பூதப் படங்களின் விதிப்படி கண்ணாடி போட்டவன் முதலில் போக வேண்டும். இன்று கண்ணாடி போட்டிருப்பவன் அவன். விதியை நிறைவேற்றுவது என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டு தண்ணீருக்குள் சறுக்கி இறங்கினேன். கொலை செய்ய இல்லை. ஒரு முங்கு. ஒரே ஒரு முங்கு.

கூடைக்குள் ஒன்றும் தெரியவில்லை. புடவை வேறு நனைந்து மூஞ்சியோடு ஒட்டிக்கொண்டது. கரையில் கார்த்தியின் குரல் கேட்டது. "கேப்டன், இந்தத் தண்ணியில ஏதோ இருக்கு!" "அப்புடிங்களா?" என்று மாமாவின் குரல். (கேப்டன் விஞ்ஞானியிடம் மரியாதையாகப் பேசினார்.) இரண்டு உருவங்கள் மங்கலாகத் தெரிந்தன. விஞ்ஞானி இடது பக்கம் என்று பேசி வைத்திருந்தோம். நான் எழுந்தேன். கைகளை விரித்தேன். இடது பக்க உருவத்தின் காலைக் கட்டிப்பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

கரையில் நின்றவர்களுக்கு இடது பக்கமாக இருந்தது, குட்டைக்குள் நின்ற எனக்கு வலது பக்கம் என்பதை இரண்டு பட்டம் வாங்கிய நான் யோசித்திருக்க வேண்டும்.

உருவம் பாசியில் வழுக்கி, "ஐயோ" என்றபடி தண்ணீருக்குள் விழுந்தது. வேட்டி என் கையோடு வந்தது. கிடைத்தான் பயல் என்று அதன் தோளைப் பிடித்து ஒரு முங்கு முக்கினேன். ஒன்று போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் உள்ளே சேர்ந்திருந்ததெல்லாம் அப்போது பொங்கிவிட்டது. நான் கத்தியதை என் வாயால் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவில் தெளிவாக இருக்கிறது.

"எட்டு வருசமா நான் உக்காந்த சேருடா அது! நேத்து வந்தவன் நீ! நாட்டுக்கோழிக் காலு ஒனக்கு, சேரு ஒனக்கு, மாமாவும் ஒனக்காடா? எங்க மாமாவுக்குக் கடலக் காட்ட நீ யாருடா? அவுரு எங்கூடதான் கடலப் பாப்பாரு! என்னோட மாமாடா அவுரு!"

தண்ணீரிலிருந்து ஒரு தலை வெளியே வந்து, இருமியது. பிறகு மிகுந்த மரியாதையுடன் சொன்னது. "மாப்ள... நாந்தாங்க."

அந்தச் சமயத்தில் நிஜமாகவே ஒரு கடல் பூதம் வந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். கூடையைக் கழற்றினேன். எதிரே பட்டாபட்டி டிராயருடன் மாமா. அவர் வேட்டி என் கையில். கரையில் (இது பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது) என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்த்தி, வாயைத் திறந்தபடி. மலர் தலையில் கை வைத்திருந்தாள். தேன்மொழி போனை ஆடாமல் பிடித்திருந்தாள். (பிறகு நான் கேட்டதற்கு, "நிறுத்தலாம்னுதான் மாமா நெனைச்சேன். நல்லா போய்க்கிட்டிருந்துச்சு," என்றாள்.)

"மொதல்ல மேல வாங்க," என்றார் மாமியார். அப்போதுதான் கயிறு இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மாமா சரிவில் ஏறினார், வழுக்கி வந்து என்மேல் விழுந்தார். நான் ஏறினேன், வழுக்கி வந்து அவர்மேல் விழுந்தேன். ஹோஸ் பைப்புகள் இரண்டு பேர் காலிலும் சுற்றிக்கொண்டன. "இருங்க மாமா!" என்று கார்த்தி தலை ஆடி வேட்டியோடு குதித்தான். நல்ல மனிதன் என்று சொன்னேனே, அந்த நல்ல மனிதனும் சேர்ந்து மூன்று பேர் வழுக்கினோம். முதல்முறையாக அவனும் நானும் மாமாவும் ஒரே மட்டத்தில் இருந்தோம்.

மலருக்குத்தான் யோசனை வந்தது. "ஏங்க, இடுப்புல கட்டியிருக்கீங்களே, அத அவுத்துப் போடுங்க!" அவிழ்த்தேன். ஈரத்தில் இறுகியிருந்த முடிச்சு வர நேரம் பிடித்தது. கயிற்றை மேலே வீசினேன். அவளும் மாமியாரும் வேப்பமரத்தில் கட்டினார்கள். எட்டுக் கைகளும் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கயிற்றைப் பிடித்து முதலில் மாமா, பிறகு கார்த்தி, கடைசியாக நான் ஏறினோம். மேலே வந்ததும் கார்த்தி கண்ணாடியைச் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினான்.

"அண்ணா, உங்க கண்ணாடி."

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் எல்லாரும் கூடத்தில் கூடினோம். நான் முக்காலியில், வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் இனி நமக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று நினைத்துக்கொண்டபோது உண்மையிலேயே அழுகை வந்தது. தலை துவட்டிக்கொண்டு வந்த மாமா தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தேன்மொழியிடம் போனை வாங்கினார். வீடியோவை ஆரம்பத்திலிருந்து வைத்தார். என் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "என்னோட மாமாடா அவுரு!" முடிந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் கேட்டது. நான் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை முடிந்ததும் போனைத் தாழ்த்தித் தீர்ப்புச் சொன்னார்.

"மீனு நல்ல மீனுங்க. ஆளத்தான் தப்பாப் புடிச்சிடுச்சி."

முதலில் சிரித்தது கார்த்தி. பிறகு மாமியார் சிரித்து, புரையேறி, தண்ணீர் கேட்டார். மாமா பக்கத்து நாற்காலியைத் தட்டினார். "இங்க வாங்க மாப்ள. அங்கிருந்து பாத்தா சின்னதாத் தெரியும்." நான் எழுந்ததுமே கார்த்தி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

வீடியோ குடும்பக் குழுவுக்குப் போயிற்று. குடும்பக் குழுவிலிருந்து எங்கெங்கோ போயிற்று. அடுத்த வாரம் பதினொன்றாம் வகுப்பில் ஆக்டோபஸ் பாடத்தை ஆரம்பித்து, இது கூச்ச சுபாவமுள்ள பிராணி என்றேன். கடைசி பெஞ்சு குலுங்கியது. வாசகர் வட்டத்தில் தலைவர் எழுந்து, சமீபத்தில் தான் பார்த்த சிறந்த குறும்படம் என்று ஆரம்பித்தார். நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன்.

காலாண்டு விடுமுறையில் எல்லாரும் கடலூருக்குப் போனோம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். அவருக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் கார்த்தி. யார் பக்கம் திரும்புவார் என்று இருவரும் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று. வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி நெறையத்தான் இருக்குது," என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணும் வரலீங்களே."

பிறகு திரும்பி, எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, சுண்டல் விற்றுக்கொண்டு வந்தவரைக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இத கொஞ்சம் பாருங்க. இது எங்க வூட்டுக் குட்டை. இது எங்க பெரிய மாப்ள." சுண்டல்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். அலைச் சத்தத்தையும் மீறி என் குரல் கேட்டது.

கார்த்தி என் அருகே வந்து மெல்லச் சொன்னான். "ஒரு வாரமா ஏற்பாடு பண்ணேண்ணா. படகுக்கெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். அவரு கடலுக்கு முதுகக் காட்டிட்டு உங்களப் பாத்துட்டிருக்காரு." அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். இத்தனை மாதமாக நான் கண்ணாடியில் பார்த்த முகம். அன்றிலிருந்துதான் அவனை எனக்குப் பிடித்துப்போனது.

இப்போதும் மாமா வீட்டுக்கு யாராவது உறவுக்காரர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால், சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுப்பார். "வேட்டியப் புடிச்சிக்கங்க, பெரிய மாப்ள வந்துட்டாரு!"

போன வாரம் கார்த்தி போன் செய்தான். "அண்ணா, வர்ற ஆடிக்கு இன்னொரு படம் எடுக்கலாம்னு இருக்கேன். இந்தவாட்டி ஆக்டோபஸ் நான் பண்ணட்டுமா? மாமாகிட்ட கேட்டேன், பாக்கலாங்கன்னு சொன்னாரு."

தாராளமா பண்ணுங்க என்றேன். போனை வைத்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு இண்டூருக்குப் போனேன். மாமியார் கொட்டகையில் சுருட்டி வைத்திருந்த நீல ஹோஸ் பைப், எட்டுத் துண்டையும், கத்தரிப்பூப் புடவையோடு சேர்த்து எடுத்து வந்து எங்கள் வீட்டுப் பரண்மேல் போட்டுப் பூட்டிவிட்டேன். மலர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"உங்களுக்குப் பொறாமைங்க," என்றாள்.

"ஆமா," என்றேன்.